சனி யாரு?

மழலையர் வகுப்பு டீச்சருக்கு வாய் ஓயாது. அவள் பெற்ற மகளோ வாயே திறக்கமாட்டாள். அப்பா பெட்டியைக் கட்டிக்கொண்டு போனதிலிருந்து வீட்டில் ஒன்றிரண்டு சொல்லோடு சரி, பள்ளியில் அதுவும் கிடையாது. ஏதாவது கேட்டால் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரே ஒரு மழலையர் வகுப்புதான் என்பதால் அம்மாவிடமே படிக்க வேண்டியதாயிற்று. "இங்க நான் அம்மா இல்ல, டீச்சர். சரியா?" என்று முதல் நாளே சொல்லிவைத்தாள். பிள்ளை தலையாட்டியது.

"வருஷ முடிவுக்குள்ள வகுப்புல அவ வாயத் தொறந்து பேசணும். இல்லன்னா ஒண்ணாங்கிளாசுக்கு அனுப்ப முடியாது, வேற ஸ்கூல்தான் பாக்கணும்" என்று பெரிய டீச்சர் சொல்லியிருந்தார். வருஷ முடிவு நெருங்கிவிட்டது. நாளை எண்ணிக்கொண்டுதான் டீச்சர் தினமும் வகுப்புக்குள் நுழைந்தாள்.

அன்றைக்குக் கோள்கள் பாடம். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளி, தரையில் சாக்பீஸால் வட்டத்துக்கு வெளியே வட்டமாகப் போட்டாள். மஞ்சள் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடுவில் சூரியனாக நின்றாள்.

"புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன், சனி..."

"கிழமை மாதிரியே இருக்கு டீச்சர்! திங்கள் எங்க?" என்றான் ஒரு வாலு.

"திங்கள்னா நிலாடா. அது பூமியச் சுத்திக்கிட்டிருக்கும்."

"அப்ப சனிக்கு மட்டும் லீவா?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டாள். ஒவ்வொரு பிள்ளையாக ஒரு கோளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வட்டத்தில் போய் நின்றது. அட்டையில் வெட்டிய வளையத்தை அவள் தூக்கிக் காட்டினாள்.

"வளையம் போட்டிருக்கிற சனி யாரு?"

"நான்!"

பின்னாலிருந்து வந்த அந்தக் குரலைக் கேட்டு டீச்சருக்கு உடம்பு சிலிர்த்தது. மகள் எழுந்து நின்றிருந்தாள். வாசலில் பெரிய டீச்சரும் வந்து நின்றிருந்தார். கடவுளே, இன்னும் ஒரு வார்த்தை, இன்னும் ஒரே ஒரு வார்த்தை என்று டீச்சரின் மனசு கெஞ்சியது.

"உனக்கு ஏம்மா சனி பிடிக்கும்?"

"எங்கம்மா என்னைச் சனியன்னுதான் கூப்பிடுவாங்க, டீச்சர்."

முகத்தில் வருத்தமில்லை, அழுகையில்லை. விடை தெரிந்த பிள்ளைக்கு வருகிற பூரிப்புதான் இருந்தது. அது திட்டு என்றே அவளுக்குத் தெரியவில்லை. பேர் என்று நினைத்திருக்கிறாள்.

பால் கொட்டினால் சனியனே, சாக்ஸ் காணோமென்றால் சனியனே. புருஷன் போனை எடுக்காத நாளிலெல்லாம் காரணமே வேண்டாம். கோபம் எங்கேயோ, வாய் பாய்ந்தது இந்தப் பச்சைப் பிள்ளைமேல். பாவி, தன் வாயால் தானே வைத்த பேர்.

"பேசிட்டாளே! முழுசாப் பேசிட்டாளே! இனி கவலைய விடுங்க, ஒண்ணாங்கிளாசுக்குப் போயிடுவா" என்று பெரிய டீச்சர் கைதட்டிவிட்டுப் போனார். பிள்ளைகளும் தட்டின.

மஞ்சள் அட்டையோடு டீச்சர் அப்படியே மண்டியிட்டாள். வகுப்பு என்பதும் மறந்துபோயிற்று.

"அம்மாகிட்ட வாடி, கண்ணு."

மகள் வளையத்தை மட்டும் எட்டி வாங்கி இடுப்பில் மாட்டிக்கொண்டாள்.

"சனி தள்ளித்தான் நிக்கணும், டீச்சர்" என்று சொல்லிவிட்டு, கோடு அழியாமல் பார்த்துப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.