இரண்டு இடத்துக்கும் சம்மதம்

பதினெட்டு வயது முடிந்த மறுவாரமே வில்லா தனியாகப் போய்த் தொண்டை மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தாள். பதினெட்டு முடிந்தால் தாயின் கையெழுத்து தேவையில்லை. அந்த நாளுக்காகத்தான் காத்திருந்தாள்.

வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் நான் அந்த வீட்டில் இருந்தேன். அவளுடைய தாத்தா ஆர்வில்லைக் குளிக்க வைப்பது, மாத்திரை கொடுப்பது, கூடத்தில் நான்கு சுற்று நடக்க வைப்பது, எல்லாம் என் வேலை. ஆர்வில்லுக்கு எண்பத்தெட்டு வயது, ஒரு காது கேட்காது, வாய் மட்டும் சளைக்காது. அவருடைய மகள் டெனிஸ் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை பார்த்தாள். டெனிஸின் ஒரே பெண் வில்லா. தகப்பன் டெட்ராய்ட் பக்கம் வேறு குடும்பத்தோடு இருந்தார். இங்கே அவரைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

வில்லா ஏழாம் வகுப்பிலிருந்து இசை நாடகம்தான் படிப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். டொலிடோவில் அவளைப் போலப் பாடுகிற பிள்ளைகள் பத்துப் பேராவது இருப்பார்கள். அவர்களுடைய தாய்மார்களை பார்த்ததுமே கண்டுபிடித்துவிடலாம். கையில் தடிமனான ஒரு கோப்பு இருக்கும். டெனிஸின் கோப்பில் இருபத்து நான்கு கல்லூரிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணத் தாள். முதலில் வீடியோ அனுப்ப வேண்டும். அதில் தேறினால் பிப்ரவரியில் சிகாகோவில் கல்லூரிக்காரர்கள் வந்து தங்கும் ஒரு ஹோட்டலுக்குப் போய் மாடி மாடியாக ஏறி இறங்கி, ஒவ்வோர் அறையிலும் ஒரு நிமிடம் பாடிக் காட்ட வேண்டும். நான்கு நாளில் வில்லா பத்தொன்பது அறைகளில் பாடினாள். படிவங்களை நிரப்பியதும், வீடியோக்களை ஏற்றியதும், பொத்தான்களை அழுத்தியதும் டெனிஸ். கடவுச்சொற்கள் எல்லாம் அவளிடம். அதை யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

நான்கு இடங்களில் எடுத்துக்கொண்டார்கள். பேசத் தகுந்தவை இரண்டு. ஒன்று கிழக்குக் கரையில் ஒரு கன்சர்வேட்டரி, மேடைக் கலைக்கென்றே உள்ள கல்லூரி. வருடத்துக்குப் பதினாறு பேர்தான். வாரத்தில் ஆறு நாள் காலையிலிருந்து மாலை வரை பாட்டு, ஆட்டம், நடிப்பு. வேறு பாடம் கிடையாது. இரண்டாம் வருட முடிவில் ஆசிரியர்கள் உட்கார்ந்து சிலரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மற்றது தெற்கே இரண்டு மணி நேர ஓட்டத்தில் உள்ள பல்கலைக்கழகம். அங்கே முதல் வருடம் பொதுவான நாடகப் படிப்பு, கூடவே மற்ற பாடங்களும். பிறகு மறுபடி பாடிக் காட்டினால்தான் இசை நாடகப் பிரிவில் நுழையலாம். நுழைவது நிச்சயமில்லை. கன்சர்வேட்டரியின் கடிதம் வந்த நாளில் வில்லா சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில்தான்.

ஆனால் சிகாகோவிலிருந்து வந்ததிலிருந்தே அவள் குரலில் ஒரு கரகரப்பு இருந்தது. குளிக்கும்போது பாடுவது நின்றது. ஒரு வாரம் குரலுக்கு ஓய்வு என்று கிசுகிசுத்தே பேசினாள்.

"கிசுகிசுத்தா தொண்டைக்கு இன்னும் கெடுதல். பேசாம இரு, இல்லன்னா ஒழுங்கா பேசு" என்றேன்.

"யூட்யூப்ல அப்படித்தான் சொன்னாங்க, மிஸ் லொரெட்டா."

மருத்துவரின் காகிதத்தை என்னிடம்தான் கொண்டு வந்தாள், அதிலிருந்த சொற்கள் புரியாததால். குரல்நாண் இரண்டிலும் சின்ன முடிச்சுகள். ஆறு மாதம் பேச்சுப் பயிற்சி. அதுவரை ஓங்கிப் பாடக்கூடாது. பிறகு சரியாகலாம், ஆகாமலும் போகலாம்.

"ஆகஸ்ட்ல கன்சர்வேட்டரில முதல் வாரமே எல்லார் முன்னாடியும் பாடணும்" என்றாள். "அடுத்த வருஷம் வரேன்னா இடத்தை வெச்சிருக்க மாட்டாங்க. முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"அம்மாகிட்ட சொல்லு."

"சொன்னா டாக்டரை மாத்துவாங்க."

அது உண்மை. காகிதம் அவளுடையது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

மே முதல் தேதி மாலை ஐந்து மணிக்குள் எல்லோரும் ஏதாவது ஓர் இடத்துக்குச் சம்மதம் சொல்லியாக வேண்டும். ஒரே ஓர் இடத்துக்குத்தான். இரண்டு இடத்தில் சொன்னது தெரிந்தால் இரண்டுமே கையைவிட்டுப் போகலாம். ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி வில்லா பல்கலைக்கழகத்துக்குச் சம்மதம் சொன்னாள். அந்த ஒரு இணையக் கணக்கை மட்டும் தன் பெயரில் தானே திறந்து வைத்திருந்தாள். மறுநாள் டெனிஸிடம் சொன்னாள். காரணம் கேட்டதற்கு, "அங்க போகணும்னு தோணுது" என்றாள், அவ்வளவுதான். டெனிஸ் அன்று பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினாள். முப்பதாம் தேதி ஒன்றும் பேசவில்லை. அடங்கிவிட்டாள் என்று நினைத்தேன். என் கணிப்பு தப்பு.

மே முதல் தேதி பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்கள் சேரப்போகும் கல்லூரியின் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போவார்கள். வில்லா பல்கலைக்கழகத்தின் சிவப்புச் சட்டையில் போய், மூன்று மணிக்கு வீடு திரும்பினாள். ஆர்வில்லுக்கு நான் தக்காளி சூப் ஊட்டிக்கொண்டிருந்தேன். பக்கக் கதவைத் திறந்துகொண்டு நோயல் வந்தாள். வில்லாவின் தோழி. அதே கன்சர்வேட்டரியில் காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. யாராவது விலகினால்தான் அவளுக்கு இடம்.

"உன் போனை எடு" என்றாள். "வேண்டாம், என் போன்லயே பாரு. புது மாணவர்கள் லிஸ்ட் போட்டிருக்காங்க. ஒன்பதாவது பேரைப் படி."

வில்லா படித்தாள். அது அவளுடைய பெயர். முகம் வெளுத்தது.

"மூணு நாளா 'நான் போகல, அந்த இடம் உனக்குத்தான்'னு என் தோள்ல சாஞ்சு அழுத. நல்லாத்தான் நடிக்கிற. சும்மாவா எடுத்தாங்க உன்னை."

"சம்மதம்னு பட்டனை நான் அழுத்தல நோயல். சத்தியமா."

"அப்ப பேய் வந்து அழுத்துச்சா?"

"யாரு செத்தது?" என்றார் ஆர்வில்.

"யாரும் சாகல தாத்தா."

"அப்புறம் எதுக்கு இந்த மூஞ்சி? சூப் ஆறுது லொரெட்டா."

நோயல் அவரைக் கவனிக்கவில்லை. "ரெண்டு காலேஜுக்கும் ஒரே ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினா போதும். உனக்கு எங்கயுமே இடம் இல்ல. தெரியும்ல?"

"தெரியும்."

"அஞ்சு மணிக்குள்ள நானும் வேற எங்கயாவது சரின்னு சொல்லியாகணும். நாலரை வரைக்கும் வெளியில கார்ல இருப்பேன்." வாசல் வரை போனவள் திரும்பினாள். "உன் குரல் ஏன் இப்படி இருக்கு?"

வில்லா மடிக்கணினியை எடுத்தாள். கன்சர்வேட்டரியின் இணையப் பக்கத்தைத் திறக்கப் பார்த்தாள். அது டெனிஸின் தொலைபேசிக்கு ஓர் ஆறு இலக்க எண்ணை அனுப்பியது. அந்த எண் இல்லாமல் உள்ளே போக முடியாது. தாயைக் கூப்பிட்டாள்.

டெனிஸ் வேலைச் சீருடையோடு நாலு மணிக்கு வந்து சேர்ந்தாள். வரும்போதே தயாராகத்தான் வந்தாள்.

"ஆமா, நான்தான் அழுத்தினேன். நேத்து மத்தியானம். பயத்துல எடுத்த முடிவுக்கெல்லாம் நான் தலையாட்ட முடியாது."

"அம்மா, நான் மூணு நாள் முன்னாடியே அங்க சரின்னு சொல்லிட்டேன்."

"அதை வாபஸ் வாங்கிடு. பல்கலைக்கழகம் எங்கயும் ஓடிடாது. ஏழாங்கிளாஸ்லேர்ந்து எதுக்காக உன்னைக் கார்ல ஊர் ஊரா கூட்டிட்டுப் போனேன்? பொதுப்பாடம் படிக்கவா?"

வில்லா மாடிக்குப் போய் அந்தக் காகிதத்தை எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள். டெனிஸ் நின்றபடியே படித்தாள். தேதியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

"எத்தனை நாளா?"

"பதினோரு நாளா."

"என் வீட்டுல வேலை பார்த்துக்கிட்டே."

"அவளுக்குப் பதினெட்டு முடிஞ்சது, டெனிஸ். அவ காகிதம். உங்ககிட்ட சொல்லுன்னு அவகிட்ட சொன்னேன். அதுக்கு மேல எனக்கு உரிமை இல்ல."

"உரிமை" என்று திருப்பிச் சொன்னாள்.  நாற்காலியை இழுத்து வில்லாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். மணி நாலு பத்து.

"அங்க இல்லாத டாக்டரா? பாடகர்களுக்குன்னே டாக்டர் வெச்சிருப்பாங்க. இங்க இருக்கிறவனுக்கு என்ன தெரியும்?"

"ஆறு நாளும் பாடணும்மா. பாடலைன்னா ரெண்டாம் வருஷ முடிவுல அனுப்பிடுவாங்க."

"அனுப்பலைன்னா? சரியாயிட்டா?"

வில்லா காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அதையேதான் நானும் மூணு நாளா யோசிச்சேன். சரியாயிட்டா, இந்த இடத்தை விட்டதுக்கு என்னை நானே மன்னிக்க மாட்டேன். ஆகலைன்னா, இருபது வயசுல குரலும் இருக்காது, படிப்பும் இருக்காது. எதுன்னு யாருக்கும் தெரியாது. டாக்டருக்கே தெரியல."

"தெரியாததுக்கு ஏன் விடணும்?"

"ஏன்னா என் தொண்டை."

ஆர்வில் சூப்புக் கிண்ணத்தை நீட்டினார். "அந்தப் பொண்ணு கார்ல உக்காந்திருக்கு. ஏதாவது சாப்பிடுமா கேளு."

"சும்மா இருப்பா" என்றாள் டெனிஸ்.

வில்லா கன்சர்வேட்டரியின் அலுவலகத்தைக் கூப்பிட்டாள். ஆள் எடுக்கும்வரை பன்னிரண்டு நிமிடம் பியானோ கேட்டுக்கொண்டிருந்தோம். அவள் தொலைபேசியை மேசை நடுவில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி விட்டிருந்தாள். அது டெனிஸுக்காக என்று எனக்குப் புரிந்தது. நாலரை தாண்டியது. வெளியே கார் நகரவில்லை.

ஒரு பெண் பேசினாள். வில்லா பெயரைச் சொல்லி, இடத்தை விடுகிறேன் என்றாள். குரல் இரண்டு இடங்களில் உடைந்தது.

"நேத்து ரெண்டு பத்துக்குச் சம்மதம் வந்திருக்கே. அது நீதானே அனுப்பின?"

டெனிஸ் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மகள் பெயரில் டெனிஸ் அனுப்பினாள் என்று நேராகச் சொன்னால் அது மோசடியாகிவிடும் என்பது அந்த மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"எனக்காக அம்மா எல்லாப் படிவத்தையும் ரெண்டு வருஷமா போட்டாங்க மேடம்" என்றாள் வில்லா. "இதை நான் முடிவு பண்றதுக்குள்ள அதுவும் போயிடுச்சு. தப்பு எங்களோடது."

"வேற எங்கயாவது சரின்னு சொல்லியிருக்கியா?"

"சொல்லியிருக்கேன்."

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "நான் இந்தக் கேள்வியைக் கேக்கல. போன்ல விட முடியாது. பக்கத்துக்குள்ள போய் நீயே விடணும், அஞ்சு மணிக்குள்ள. விட்டா திரும்பக் கிடைக்காது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"குரலைப் பாத்துக்கோ" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வில்லா மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். டெனிஸின் பையில் தொலைபேசி ஒருமுறை அதிர்ந்தது. எண் வந்துவிட்டது. டெனிஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள். வில்லா அவளை அவசரப்படுத்தவில்லை. இரண்டு நிமிடம் இருக்கும். அந்த எண் பத்து நிமிடத்துக்குத்தான் செல்லும். எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆர்வில்லின் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டு அடக்கிக்கொண்டேன்.

"நாலு" என்று தொடங்கினாள் டெனிஸ். "ஒன்பது. ஒன்பது. பூஜ்யம்." கடைசி இரண்டையும் சொல்லிவிட்டு எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவ ஒன்றும் இருக்கவில்லை.

நாலு ஐம்பத்தொன்றுக்கு வில்லா விலகினாள். வெளியே போய் நோயலின் கார்க் கண்ணாடியைத் தட்டிச் சொன்னாள். நோயல் தலையை மட்டும் ஆட்டினாள். எதற்கும் இருக்கட்டும் என்று ஐந்துக்குள் வேறோர் இடத்துக்கும் சம்மதம் சொல்லிவிட்டு, இரண்டு நாள் கழித்து கன்சர்வேட்டரி கூப்பிட்டதும் அதை விட்டுவிட்டாள். காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்கள் அப்படிச் செய்யலாம். இரண்டு இடத்தில் சம்மதம் போனதைப் பற்றிப் பல்கலைக்கழகத்திலிருந்து ஏதாவது கடிதம் வருமா என்று வில்லா ஜூன் வரை தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை.

டெனிஸ் என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. இரண்டு வாரம் "காபி வேணுமா" என்று கேட்கவில்லை. அதை நான் பொருட்படுத்தவில்லை.

முதல் வருட முடிவில் வில்லா பல்கலைக்கழகத்தின் இசை நாடகப் பிரிவுக்குப் பாடிக் காட்டினாள். படிவத்தைத் தானே நிரப்பியதில் ஒரு தேதி தப்பாகி, மறுபடி அனுப்ப வேண்டியிருந்தது. எடுத்துக்கொள்ளவில்லை. முடிவு வந்த பிறகுதான் வீட்டில் சொன்னாள். "அடுத்தது எப்ப?" என்று மட்டும் டெனிஸ் கேட்டாள். இரண்டாம் முறை முப்பத்தொரு பேர் பாடியதில் ஒன்பது பேரை எடுத்தார்கள். அதில் வில்லா இருந்தாள். குரல் முன்பைவிடத் தாழ்ந்திருந்தது. அம்மா வேடம், டீச்சர் வேடம் எல்லாம் அவளுக்கு வரும்.

இப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. குளிர்காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கான நாடகக் குழுவோடு வேனில் சுற்றுகிறாள். மற்ற மாதங்களில் கொலம்பஸில் ஒரு நாடக அரங்கின் டிக்கெட் அறையில் வேலை. நோயல் கன்சர்வேட்டரியை முடித்து, ஊர் ஊராகப் போகும் பெரிய குழு ஒன்றில் பாடுகிறாள். போன இலையுதிர்காலத்தில் அந்தக் குழு கொலம்பஸுக்கு வந்தபோது வில்லாதான் டிக்கெட் விற்றாள், பிறகு உள்ளே போய்ப் பார்த்தாள்.

குளிர்காலம் தொடங்கியதும் என்னைக் கூப்பிட்டுப் பேசியபோது நேராகவே கேட்டேன், கன்சர்வேட்டரி இடத்தை விட்டதற்கு வருத்தமா என்று.

"சில நாள் இருக்கு" என்றாள். "நோயல் பாடின அன்னைக்கு இருந்துச்சு. இன்டர்வெல்ல தண்ணி குடிக்க வெளிய வந்தேன். திரும்பப் போய் முழுசா பாத்தேன்."

பிறகு, வேன் கிளம்புகிறது என்று சொல்லி வைத்துவிட்டாள்.