மேல்மாடிச் சுவர்

எங்கள் கடைத்தெருவில் மாடிக்கு மேல் இன்னொரு மாடி எழுப்பிய முதல் ஆள், நான் வேலை பார்த்த ஏலக்காய்க் கடையின் முதலாளிதான். அதற்கு முன்பு தெருவில் எந்தக் கடைவாசலில் நின்று வடக்கே பார்த்தாலும் மலை தெரியும். குரங்கணிப் பக்கம் மழை பிடித்துவிட்டதா என்று அங்கேயே நின்று சொல்லிவிடுவார்கள். எங்கள் மேல்மாடி எழுந்த பிறகு எதிர்ச்சாரிக் கடைக்காரர்களுக்கு மலை இருந்த இடத்தில் எங்கள் வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது. ஆறு மாதத்துக்குள் எதிர்க்கடைக்காரரும் சாரம் கட்டினார். எங்களைவிட ஒரு முழமாவது உயர்த்தாமல் விடுவதில்லை என்று டீக்கடையில் அவர் சொன்னதாகப் பேச்சு.

ஏலக்காய்க்கு ஈரம் ஆகாது. கீழ்த்தளத்தில் சாக்கடை வாடையும் ஈரமும். பொறுக்குவதற்கு நல்ல வெளிச்சம் வேறு வேண்டும். அதனால் எல்லோரும் மேலே போனார்கள். தெரு மட்டும் பழைய தெருவாகவே இருந்தது. இரண்டு மாட்டுவண்டி ஒன்றையொன்று உரசாமல் போகிற அகலம். அதில்தான் பஸ், ஜீப், மலைக்கு அரிசி ஏற்றிப் போகிற லாரி, மலையிலிருந்து காய் இறக்கி வருகிற லாரி, ரயிலடிக்குப் போகிற வண்டிகள் எல்லாம். யுத்த காலத்தில் நின்றுபோன மதுரை ரயில் மறுபடி ஓட ஆரம்பித்த பிறகு நெரிசல் இன்னும் கூடிவிட்டது.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. மேல்மாடியில் உட்கார்ந்து, கட்டின மூட்டைகளில் மை தொட்டுக் கடையின் மார்க்கும் காயின் தரமும் எழுதுவது என் வேலை. முப்பது பெண்கள் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்து சொளகில் காய் பொறுக்குவார்கள். நான் அதிகம் பேசமாட்டேன். யாராவது நேரே பார்த்து ஒன்று கேட்டால் பதில் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். பெண்களில் மூத்தவர் ஒருத்தர், எல்லோரும் அவரை ஆத்தா என்பார்கள், என்னைச் சீண்டாமல் ஒரு நாள் போகாது.

"ஏப்பு, மூட்டைக்கு எழுதுறதுல பாதி எங்ககிட்டப் பேசுனா என்ன, மையா தீந்துரும்?"

அவருடைய மகளும் அங்கேதான் வேலை. ஏழு மாதக் கர்ப்பம். தெருப்பக்கச் சுவரின் ஜன்னலடியில் காற்று வருமென்று அவளுக்கு அந்த இடத்தை விட்டுக்கொடுத்திருந்தார்கள்.

அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் விரிசலைப் பார்த்தேன். உத்தரம் சுவரில் உட்காருகிற இடத்திலிருந்து கீழ்நோக்கி, மயிரிழை போல ஒரு கோடு. கீழே பஸ் ஒன்று உறுமிக்கொண்டு போனபோது அந்தக் கோட்டிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்புப் பொடி உதிர்ந்தது. கட்டடம் கட்டும்போது கொத்தனார் கீழ்ச்சுவரில் ஒரு பழைய விரிசலின் குறுக்கே காகிதத் துண்டு ஒட்டி வைத்ததைப் பார்த்திருக்கிறேன். காகிதம் கிழியாமல் இருந்தால் சுவர் நிற்கிறது, கிழிந்தால் சுவர் நடக்கிறது என்று அர்த்தம். எல்லோரும் போன பிறகு லேபிள் ஒட்டுகிற பசையால் நானும் ஒரு துண்டு ஒட்டினேன்.

மறுநாள் காலை அது கிழிந்திருந்தது. காற்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொன்று ஒட்டினேன். அதற்கு மறுநாள் அதுவும் கிழிந்தது.

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதலாளிக்கு அந்த மேல்மாடி பெற்ற பிள்ளை மாதிரி. வெளியூர் வியாபாரி யார் வந்தாலும் முதலில் மேலே கூட்டிவந்துதான் பேச்சு. அந்தச் சுவர் நடக்கிறது என்று, வணக்கம் சொல்லவே நாக்குக் குழறுகிற நான் போய் எப்படிச் சொல்வது? இரண்டு முறை கீழே இறங்கி அவர் மேஜைக்கு முன்னால் நின்றேன். "என்ன?" என்றார். "மை தீந்துபோச்சு" என்று சொல்லி மை வாங்கிக்கொண்டு ஏறிவந்தேன்.

அந்த நாட்களில் மூட்டைகளும் மேலேயே தேங்கிக்கொண்டிருந்தன. வழக்கமாக அன்றன்று கட்டினதைச் சாயங்காலம் கயிற்றில் இறக்கி வாசலில் நிற்கிற லாரியில் ஏற்றிவிடுவோம். எதிர்க்கடைக்காரர் மாடி கட்ட இறக்கின மணலும் செங்கலும் தெருவில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டதால் எங்கள் வாசலில் லாரியை நிறுத்த முடியவில்லை. ஒரு நிமிஷம் நின்றால் பின்னால் பத்து வண்டி கத்தும். நான்கு நாளாக ஒரு மூட்டைகூட இறங்கவில்லை. தலையுயரம் அடுக்கி, அதற்கு மேலும் அடுக்கினோம். அடுக்கினதெல்லாம் அந்தச் சுவர் தாங்குகிற தளத்தில்தான்.

முதல் காகிதம் ஒட்டின மூன்றாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். கீழே லாரி இன்ஜின் சத்தம். போகவில்லை, நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. மலைக்குப் போகிற அரிசி லாரி ஒன்றும், மலையிலிருந்து இறங்கின காய் லாரி ஒன்றும் மணல் குவியலுக்குப் பக்கத்தில் முகத்தோடு முகம் நின்றுவிட்டன. என் கண் காகிதத்தில் இருந்தது. அன்று காலை ஒட்டினது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நடுவில் புடைத்து, சத்தமில்லாமல் பிரிந்தது.

எழுந்துவிட்டேன்.

"என்னப்பு, பேயறஞ்சவன் மாதிரி நிக்கிறே?" என்றார் ஆத்தா.

நான் கையை நீட்டிச் சுவரைக் காட்டினேன். அவர் பார்த்தார். காகிதத்தையும், அதற்கு மேலே உத்தரத்தடியில் விரல் நுழைகிற அளவு திறந்திருந்த கீறலையும் பார்த்தார். சொளகைக் கீழே வைத்தார்.

"எந்திரிங்கடி. சத்தம் போடாம எந்திரிங்க. ஓடுனா தளம் ஆடும். ஒவ்வொருத்தியா நடங்க."

மாடிப்படிக்குத் தெருவோரம் தனி வாசல். கடைக்குள் வழி கிடையாது. நான் முன்னால் இறங்கிப் போய்ப் பார்த்தால் வாசலை அடைத்துக்கொண்டு அரிசி லாரியின் பக்கப் பலகை. நடுவில் ஒரு சாண் இடைவெளி. என் பின்னால் மரப்படியில் முப்பது பெண்கள். எங்கள் தலைக்கு மேலே சுவர். இன்ஜின் உறுமுகிற ஒவ்வொரு முறையும் படிகளின் மேல் பொடி விழுந்தது.

குனிந்து லாரிக்கு அடியில் சக்கரங்களுக்கு நடுவே நுழைந்து தெருவுக்கு வந்தேன். இரண்டு டிரைவர்களும் தலையை வெளியே நீட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மலைப்பாதையில் ஒரு சட்டம் உண்டு. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி வழிவிட வேண்டும். அதை மீறினவனை மறுநாள் எந்த டிரைவரும் மதிக்கமாட்டான். அந்தச் சட்டத்தை இவர்கள் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

"என் வண்டி மூக்கு எங்க பாக்குது? மலையத்தான? அப்ப நான் ஏறுற வண்டி. நீ ஒதுங்கு மாப்ளே" என்றான் அரிசி லாரிக்காரன்.

"மலை முடிஞ்சு அஞ்சு மைலாச்சு. இங்கன எங்கய்யா ஏத்தம் இருக்கு? உன் மாமியா வீட்டுப் படியிலயா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அரிசி லாரியின் படியில் ஏறி நின்றேன்.

"அண்ணே, இன்ஜின நிறுத்துங்க."

"நிறுத்துனா மறுபடி ஹேண்டில் போட்டுச் சுத்தணும். நீ சுத்துறியா?"

"சுத்துறேன். மேல முப்பது பொம்பளைக இருக்காக. சுவரு பிரியுது. உங்க வண்டி வாசல அடைச்சு நிக்கிது."

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு எட்டி மேலே பார்த்தான். இன்ஜின் நின்றது. எதிர் லாரிக்காரனும் என்ன நினைத்தானோ, தன்னுடையதை நிறுத்தினான். தெரு அப்படி அமைதியானதை நான் அதுவரை கேட்டதில்லை.

"ஸ்டார்ட் பண்ணிப் பின்னால எடுத்தா ஆட்டம் தாங்காது" என்றான் டிரைவர் மெதுவாக. "ரோடு லேசாச் சரிவுதான். பிரேக்க விட்டா தானா உருளும். பின்னாடி இருக்கிறவன வெலக்கு. வெரசா."

பின்னால் ஒரு பஸ். அதற்குப் பின்னால் வைக்கோல் வண்டி. வண்டிக்காரரிடம் போய் மாட்டைத் திருப்பச் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்டார், சொன்னேன். பஸ் கண்டக்டரிடம் சொன்னேன். அவர் பயணிகளை இறக்கி, பஸ்ஸைப் பின்னால் தள்ளச் சொன்னார். அந்தக் கால்மணி நேரத்தில் நான் பேசினது அதற்கு முந்தின வருஷம் முழுவதும் பேசினதைவிட அதிகமாக இருக்கும். பிறகு லாரியின் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கிற கட்டையை என் கையில் தந்தார்கள். டிரைவர் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிப்பான், நான் கட்டையை இழுத்து மறுபடி வைப்பேன். ஒரு முழம், இன்னொரு முழம். மேலே பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசல் திறந்ததும் முதலில் ஆத்தாவின் மகளை விட்டார்கள். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் வந்தாள். பிறகு ஒவ்வொருவராக. கடைசியில் ஆத்தா, எல்லோருடைய சாப்பாட்டுத் தூக்குகளையும் கோர்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.

சுவர் விழவில்லை.

அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. கூட்டம் கலைய ஆரம்பித்தது. முதலாளி என்னிடம் வந்து, "யாரக் கேட்டு எல்லாத்தையும் கீழ எறக்குனே?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். எதிர்க்கடையில் சாரத்தின் மேல் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். பெண்களில் சிலர் கூலி போய்விடுமே என்று மறுபடி மேலே போகப் பார்த்தார்கள். ஆத்தா படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டார். அந்த நேரத்தில் நான் மனதுக்குள் ஒன்றை வேண்டினேன். அந்தச் சுவர் விழட்டும் என்று வேண்டினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான்.

மத்தியானத்துக்கு மேல் கொத்தனார் வந்தார். தனியாக மேலே போனார். இறங்கும்போது முழங்கைவரை சுண்ணாம்பு. முதலாளியைத் தள்ளிக் கூட்டிப்போய் இரண்டு வார்த்தைதான் சொன்னார். முதலாளி கடைப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

மூட்டைகளை இரண்டிரண்டாக இறக்க இரண்டு நாள் ஆயிற்று. பிறகு மேல்மாடியைப் பிரித்தார்கள். அந்தத் தெருப்பக்கச் சுவருக்குக் கடப்பாறையே தேவைப்படவில்லை. செங்கல் கையோடு வந்தது. ஒரு மாடிக்குப் போட்ட அஸ்திவாரம் என்று ஊர் பேசிக்கொண்டது. எதிர்க்கடை மாடி அந்த வருஷமே முடிந்தது. அதற்கடுத்துத் தெருவில் இன்னும் நான்கு கடைகளில் மேல்மாடி எழுந்தது.

நாங்கள் முதல் மாடியில் வேலை செய்தோம். வெளிச்சம் போதாது. ஒரு வாரம் கழித்து, நான் எழுதிக்கொண்டிருந்தபோது ஆத்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்று சீண்டவில்லை.

"அந்தக் கீறல எப்ப பாத்தே அப்பு?"

"அன்னைக்குக் காலையிலதான் ஆத்தா."

"மூணு நாளா எம்மக அந்த எடத்துலதான் சாஞ்சு உக்காந்திருந்தா" என்றார். "நீ பாத்தியே, நல்லாருப்பே."

நான் தூரிகையை மையில் தோய்த்து அடுத்த மூட்டைக்குத் திரும்பினேன்.

ஆத்தா இறந்து பல வருஷமாகிறது. மகள் இருக்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.