எலுமிச்சம்பழம் வைக்காத லாரி

பிள்ளைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது செங்கோட்டையிலிருந்து என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். லாரியோடு போனவர் நேரங்கெட்ட நேரத்தில் அழைத்தால் நான் பயந்துவிடுவேன். அது தெரிந்து, "எனக்கு ஒண்ணுமில்ல" என்றுதான் தொடங்கினார். "நம்ம தங்கப்பாண்டி அண்ணாச்சி போயிட்டாவ. கடை திறக்கும்போது நெஞ்சுவலியாம்."

எனக்கு அழுகை வரவில்லை. "நம்ம லாரிக்கு இன்னும் பழம் வைக்கலையே" என்றேன்.

அண்ணாச்சியிடம் லாரி விட்ட உங்களுக்கு அந்தப் பழத்தைத் தெரியும். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, சாலையோரத் தகரக் கொட்டகையில், பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகளை மாற்றிக் கொடுத்தவர் அவர். மற்ற பட்டறைகளில் வேலை முடிந்ததுமே சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து அனுப்பிவிடுவார்கள். அண்ணாச்சி வைக்க மாட்டார். புதுப் பட்டைகள் முதல் பாரம் ஏறிய பிறகுதான் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும். அப்போது அவற்றை அச்சோடு சேர்த்துப் பிடித்திருக்கும் யூ போல்ட்டுகள் தளரும். ஒரு லோடு அடித்துவிட்டு வந்து மறுபடி இறுக்கினால்தான் பழம். சொன்னால் யாரும் திரும்பி வராததால் அவர் கண்டுபிடித்த வழி அது. "போல்ட்டுக்குப் பயப்பட மாட்டானுவ, பழத்துக்குப் பயப்படுவானுவ" என்பார்.

போன வருடம் என் வீட்டுக்காரர் அவரையே ஏமாற்றப் பார்த்தார். முதல் லோடு முடிந்து வந்தவர், இறுக்கப் போகாமல் கேரளாவுக்குச் சிமெண்ட் ஏற்றிவிட்டார். பழத்தையும் தானே வாங்கி எங்கள் தெருவிலேயே வைத்தார். "எந்தக் கடைப் பழம்னு சாமி பாக்கவா போகுது?" என்று சிரித்துக்கொண்டே கிளம்பினார். போகிற வழியோ மலைப்பாதை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அண்ணாச்சிக்குப் போன் செய்து சொன்னேன். கேட்டதும் போனை வைத்துவிட்டார்.

சாப்பாட்டைப் பாதியில் விட்டு, ஸ்பானரையும் அதில் மாட்டி நெம்பும் நீளக் குழாயையும் மொபெட்டில் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். சாலை பிரியும் தளவாய்புரம் விலக்கில் இவர் டீ குடித்துக்கொண்டிருந்தாராம்.

"ஏலே, வா இங்க."

"நேரமாயிரும் அண்ணாச்சி."

"சக்கரத்துக்குப் பழம் வச்ச, சரி. உம் பொண்டாட்டி வயித்துல நெருப்ப வச்சிட்டு வந்திருக்கியே, அத எவன்லே அணைப்பான்?"

குழாயை இவர் கையிலேயே கொடுத்து இறுக்கச் சொல்லியிருக்கிறார். முதல் நட்டே சிரமமில்லாமல் அரைச் சுற்றுச் சுற்றியது. இவர் முகம் வெளுத்ததைப் பார்த்து அண்ணாச்சி அடுத்த நட்டைக் காட்டினார். எல்லாவற்றையும் இறுக்கி முடித்த பின், சட்டைப் பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்துச் சக்கரத்தடியில் வைத்து, "இப்ப போ" என்றாராம்.

மறுவாரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். "எப்பப் பார்த்தாலும் பயந்துக்கிட்டே இருக்கேன் அண்ணாச்சி. எல்லாரும் சிரிக்காவ" என்றேன். அவர் தலை நிமிராமல் சொன்னார்: "பயந்தா பயந்துட்டுப் போ தாயி. ஆனா அதுக்கு ஒரு வேலையக் குடு. சும்மா உக்கார வச்சா உன்னையத் தின்னுரும்."

கடையை ஒட்டிய வீட்டுக்குள்ளிருந்து அண்ணாச்சியின் மனைவி, எங்கள் மதினி, குரல் கொடுத்தார்: "இவிய மட்டும் என்னவாம்? மழை பெஞ்சா, எந்த லாரி எந்த மலையில நிக்குதோன்னு சோறு எறங்காது." அண்ணாச்சி காதில் விழாதவர்போலச் சுத்தியலை எடுத்து ஓங்கி அடித்தார்.

அவர் கடைசியாகப் பட்டை மாற்றிய லாரிகளில் எங்களுடையதும் ஒன்று. அந்த முதல் லோடில்தான் இவர் செங்கோட்டையில் இருந்தார். பாரத்தை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டி வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. போல்ட்டை இறுக்க வேண்டும் என்று துக்க வீட்டில் எப்படிக் கேட்பது என்று வாசலிலேயே நின்றோம். மதினியே எழுந்து வந்தார். "வந்துட்டியாய்யா? உன் வண்டி திரும்பிருச்சான்னு போறதுக்கு மொத நாள் சாயங்காலங்கூடக் கேட்டாவ" என்று சொல்லிக் கடைச் சாவியை நீட்டினார்.

துக்கம் கேட்க வந்திருந்த ஓட்டுநர்களும் குழாயைப் பிடித்தார்கள். அழுதுகொண்டே இறுக்கினார்கள். சாவு வீட்டு வாசலில் பழம் நசுக்கக் கூடாது என்று ஒருவர் சொன்னார். பழம் வைக்காமலே லாரி கிளம்பியது. இறுக்கிய பிறகும் இவர் அப்படிக் கிளம்பியது அதுதான் முதல் தடவை. போல்ட்டுகளை மட்டும் இன்னொரு முறை குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டு ஏறினார்.

எனக்கு இன்னும் பயம்தான். லாரி பட்டறைக்குப் போய் வந்தால், முதல் லோடு இறங்கியதும் நானே போன் செய்கிறேன். சாப்பிட்டாச்சா என்று கேட்பதற்கு முன்னால், "இறுக்கியாச்சா?" என்று கேட்கிறேன். அண்ணாச்சி என் பயத்துக்குக் கொடுத்துவிட்டுப் போன வேலை அது.