நிறம் பிடிக்கவில்லையாம்

என் முகத்துக்காக எங்கள் வீட்டில் ஒரு மாதம் முழுக்க வேலை நடந்தது. புகையிலைக் கன்றுக்குக்கூட நாங்கள் அவ்வளவு பாடுபட்டதில்லை. விடிந்ததும் பயற்றம் மாவில் கஸ்தூரி மஞ்சளும் பாலாடையும் குழைத்து அம்மா என் முகத்தில் அப்புவார். அது காய்ந்து தோலை இழுக்கும்போது சிரிக்கக்கூடாது, கதைக்கக்கூடாது. மத்தியானம் பாதித் தேசிக்காயின் புளிச்சாற்றால் கன்னத்திலும் கழுத்திலும் தேய்ப்பு. பரு உடைந்த இடத்தில் அது பட்டால் கண் கலங்கும். வெள்ளிக்கிழமைகளில் நல்லெண்ணெய் வைத்து, அரப்புத் தேய்த்து முழுக்கு. பல்லுக்கு உமிக்கரி. கண்ணுக்கு, ஆமணக்கெண்ணெய் விளக்கின் புகையைச் சட்டியில் பிடித்து வழித்தெடுத்த மை.

இவை அம்மாவுக்குத் தெரிந்தவை. மிச்சம் கொழும்பிலிருந்து அம்மாவின் தங்கையோடு வந்தன. சின்னம்மாவின் புருஷன் அங்கே ஒரு கந்தோரில் கிளாக்கர். அந்தப் பெருமையைச் சின்னம்மா பெட்டியில் வைத்துக் கொண்டு வந்தார்: ஒரு தகரம் பவுடர், ஒரு குப்பி ஸ்னோ, கடதாசி சுற்றிய வாசனைச் சவர்க்காரம். ஸ்னோவை அள்ளிப் பூசக்கூடாதாம். நெற்றி, மூக்கு, இரண்டு கன்னம், நாடி என்று பொட்டுப் பொட்டாக வைத்து மேல்நோக்கித் தேய்க்கவேண்டுமாம். அது ஊறியபின் பவுடர். பிறகு ஈரத் துவாயால் ஒத்தி எடுக்கவேண்டுமாம்.

அந்தப் பவுடர் என்னைப் போன்றவளுக்கென்று செய்யப்பட்டதல்ல. துரைசானிமாரின் தோலுக்கு ஏற்ற வெளிறிய ரோசா நிறம். முதல் நாள் பூசிக்கொண்டு வெளியே வந்தபோது என்னைப் பெற்ற ஐயா மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த வைக்கோலை அப்படியே வைத்திருந்தார்.

"உதென்ன, மாச்சாக்குக்கை விழுந்தெழும்பினவளோ?"

"அத்தானுக்கு என்ன தெரியும்?" என்றார் சின்னம்மா. "கொழும்பிலை பெரிய பெரிய இடத்துப் பெட்டையள் எல்லாம் உப்பிடித்தான்."

"அவையள் கொழும்பிலை பூசட்டும். இஞ்சை மாடு வெருளுது."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. முகத்தைக் கழுவிவிடவும் இல்லை. ஏனென்றால் அந்த முகத்தில் என் படிப்பு தங்கியிருந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆணிலும் சரி, பெண்ணிலும் சரி. ஐயா என்னைப் பாதிரிமார் நடத்திய பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, "பெட்டையைப் படிப்பிச்சு நீதவானாக்கப் போறாரோ?" என்று அச்சுவேலிச் சந்தையில் நின்று கேட்டவர்கள் உண்டு. ஐயா அதைக் கேட்டும் என்னை மறிக்கவில்லை. நான் வெயிலில் நடந்தேன், மழையில் நடந்தேன், படித்தேன். படித்து முடித்து அதே பள்ளிக்கூடத்தில் பாலர் வகுப்புக்கு உதவியாக நின்றேன். பிறகு, ஆசிரியைமாருக்கான பயிற்சிக் கலாசாலையின் பிரவேச சோதனை எழுதி, அதிலும் தெரிவானேன்.

அங்கேதான் ஐயா நின்றுவிட்டார். "குமர்ப்பிள்ளையைத் தனிய விடுதியிலை விடேலாது. கலியாணம் ஒப்பேறட்டும். மாப்பிள்ளை வீட்டார் ஓமெண்டால் போய்ப் படிக்கட்டும்."

தரகர் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். மாப்பிள்ளைக்கு அநுராதபுரத்தில் கடை. தாய், தமக்கை, தோட்டம் எல்லாம் தென்மராட்சியில். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவது வழக்கம். இவர்கள் மட்டும், ஒரே ஆண்பிள்ளை என்பதால், பெண் தங்கள் வீட்டில்தான் இருக்கவேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். ஆனால் படித்த பெண்தான் வேண்டும் என்று கேட்டார்களாம். "பயிற்சிக்கு விடுவினமோ?" என்று ஐயா கேட்டதற்குத் தரகர், "ஏன் விடாமல்? படிச்ச பொம்பிளையைத் தேடுறவை படிப்பை மறிப்பினமோ?" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அதனால்தான் ஒரு மாதமும் மஞ்சளுக்கும் தேசிக்காய்க்கும் முகத்தைக் கொடுத்தேன்.

புகையிலைத் தோட்டத்தில் அது வேலை மிகுந்த காலம். நுனி முறித்த செடியில் இலைக் கக்கங்களில் பக்கக் குருத்து வெடிக்கும். அதை அன்றன்றைக்கு ஒடித்து எறியாவிட்டால் இலை தடிக்காது. அந்த வேலை எப்போதும் என்னுடையது. என் நிறம் வெளுக்கவேண்டும் என்பதற்காக வீட்டில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பகலில் நான் தோட்டப் பக்கம் போகக்கூடாது. வெயில் இறங்கியபின் போகலாம். முகத்தில் வெயில் படாது, வேலையும் நிற்காது.

குருத்தை ஒடித்தால் பசை வடியும். அது விரலில் ஒட்டி, காற்றுப்பட்டுக் கறுத்து, நகக் கண்ணுக்குள்ளும் ரேகைக்குள்ளும் தார் மாதிரி இறங்கிவிடும். சாம்பலும் புளியும் வைத்துத் தேங்காய்த் தும்பால் தேய்த்தாலும் மேற்கறைதான் போகும். இப்படி ஒரு மாதத்தில் என் முகம் கொஞ்சம் தெளிந்தது, கைகள் நன்றாகக் கறுத்தன. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. எல்லாருடைய கண்ணும் என் முகத்தில் இருந்தது.

மாப்பிள்ளையின் தாயும் தமக்கையும் முதலில் கோயிலில் வைத்து என்னைத் தூரத்திலிருந்து பார்த்தார்களாம். பிறகு ஒரு நல்ல நாளில் வீட்டுக்கு வந்தார்கள். மாப்பிள்ளை வரவில்லை. கடையைப் பூட்ட முடியாதாம். அவர்கள் கதிரையில் இருந்தார்கள். சின்னம்மா ஒத்தி எடுத்த முகத்தோடு நான் வெற்றிலைத் தட்டத்தைக் கொண்டுபோய் வைத்தேன்.

"இஞ்சை வா பிள்ளை, கிட்ட இரு" என்றார் தாய். நான் பாயில் இருந்தேன். அவர் என் முகத்தை ஒருமுறைதான் பார்த்தார். பிறகு என் வலது கையைப் பிடித்து, திருப்பி, உள்ளங்கையில் பெருவிரலால் அழுத்தித் தேய்த்தார்.

அம்மாவுக்குப் பதறிவிட்டது. "அது பள்ளிக்கூடத்து மை. பிள்ளை எந்த நேரமும் எழுத்துத்தான்."

"மையோ?" தாய் சிரித்தார். "எனக்கே சொல்லுறியள்? நான் பிறந்ததே புகையிலைத் தோட்டத்துக்கை."

"முகத்துக்குப் பவுடர் போட்டவையள் கைக்குப் போட மறந்திட்டினம்" என்றாள் தமக்கை.

அம்மா தலையைக் குனிந்தார். சின்னம்மா சேலைத் தலைப்பைத் திருகினார். எல்லாம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் தாயின் முகத்தில் சந்தோசம்.

"நீங்கள் ஏன் வெக்கப்படுறியள்? நான்தான் பயந்துகொண்டு வந்தனான். படிச்ச பெட்டை, கை பூப்போலை இருக்கும், மண்வெட்டியைக் கண்டால் மயங்கி விழும் எண்டு. இது வேலை செய்யிற கை. எங்களுக்கு நல்ல விருப்பம்."

ஐயா உட்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். அம்மாவுக்கு உயிர் வந்தது. "பிள்ளை பயிற்சிக் கலாசாலைக்கு எடுபட்டிருக்கிறாள். தரகர் சொல்லியிருப்பார்..." என்று தொடங்கினார்.

"இனி என்னத்துக்குப் பள்ளிக்கூடம்?" என்றார் மாப்பிள்ளையின் தாய். "எழுத வாசிக்கத் தெரியுது, அது காணும். கடையிலை இருக்கிற மகனுக்குக் கடிதம் எழுதவும், புகையிலை வாங்க வாறவன் ஏமாத்தாமல் பாக்கவும் ஒரு ஆள் வேணுமெண்டுதான் படிச்ச பெட்டை கேட்டனாங்கள். எனக்கு இடுப்பு ஏலாது. இவளும் அடுத்த மாதம் புருஷன் உத்தியோகம் பாக்கிற ஊருக்குப் போறாள். எங்கடை தோட்டத்துக்குக் கை காணாது."

என் கை இன்னும் அவருடைய பிடியில்தான் இருந்தது. நான் இழுத்து எடுத்தேன்.

"எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம்" என்றேன். "கைதான் வேணுமெண்டால் கூலிக்கு ஆள் பிடியுங்கோ."

தமக்கை முதலில் எழுந்தாள். "அம்மா, வாங்கோ. கையோடை வாயும் நல்லாய் வேலை செய்யுது." அம்மா கொடுத்த கோப்பி ஆறிக் கிடந்தது. அவர்கள் தொடவில்லை.

ஐயா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் ஆறியிருக்கும். "உனக்கு வாயைத் தந்தது நான்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். அம்மா அழுதார். பெண்ணை வேண்டாம் என்று மாப்பிள்ளை வீடு சொல்லலாம். ஊரில் எத்தனையோ வீட்டில் நடக்கிறது. பெண்ணே வாய் திறந்து வேண்டாம் என்றாளென்று தெரிந்தால் அந்த வீட்டுப் படலையை எந்தத் தரகன் திறப்பான்?

வழி சொன்னவர் சின்னம்மா. பொழுதுபட ஐயாவும் அம்மாவும் இருக்கும்போது மெல்லச் சொன்னார்.

"நிறம் பிடிக்கேல்லை எண்டு சொல்லுவம்."

"அவையள் நடந்ததைச் சொல்லிப்போட்டால்?"

"சொல்லாயினம், அக்கா. ஒரு பெட்டை தங்களை முகத்துக்கு நேரை வேண்டாமெண்டவள் எண்டு வெளியிலை சொல்லுவினமோ? அவைக்கும் மானம் இருக்கு. நிறம் எண்டால் ரெண்டு பக்கமும் தப்பும். கறுத்தப் பெட்டைக்குச் சனம் இரங்கும். வாய்க்காரிக்கு ஆர் இரங்குவினம்?"

"நான் கறுப்பெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை" என்றேன். "அவைக்கு என்னைப் பிடிச்சது. நான்தான் மாட்டன் எண்டனான்."

ஐயா அப்போதுதான் என்னைப் பார்த்தார். "நீ பயிற்சிக்குப் போகவேணுமோ, இல்லையோ?"

"போகவேணும்."

"அப்ப வாயை மூடிக்கொண்டு போ. இஞ்சை நிண்டால் உன்ரை வாயாலை ஊருக்குத் தெரிஞ்சிடும். ஊர் கேட்டால் நிறம் பிடிக்கேல்லை. பயிற்சி முடியுமட்டும் உன்ரை வாயிலையிருந்து வேறை ஒண்டும் வரப்படாது. வந்தால் அண்டைக்கே விடுதிக்கு வந்து கூட்டிக்கொண்டு வந்திடுவன்."

இதுதான் பேரம். நான் ஓம் என்றேன்.

கலாசாலை தொடங்கும்வரை இருந்த நாட்களைப் போல் கசந்த நாட்கள் எனக்கு இல்லை. கலியாணம் குழம்பியபின் முகப்பூச்சு நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. இன்னும் கூடியது. முன்பு வீட்டுக்குள் அரைத்த மஞ்சளை அம்மா கிணற்றடிக்குக் கொண்டுவந்து, பக்கத்து வளவுக்காரர் தண்ணீர் அள்ள வரும் நேரம் பார்த்து அரைத்தார். பொய்க்குச் சாட்சி வேண்டுமல்லவா? மஞ்சள் அப்பிய முகத்தோடு நான் கல்லில் இருக்க, வந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்து வைத்தியம் சொன்னார்கள்.

"பாவம் பிள்ளை. மூக்கும் முழியும் என்ன வடிவு! நிறம் ஒண்டுதான்."

"ஆட்டுப்பாலிலை கழுவிப் பார், அக்கா."

"உவள் வெயிலுக்கை பள்ளிக்கூடம் போனதாலை வந்த கறுப்பு. வீட்டுக்கை இருந்திருந்தால் இப்ப கலியாணம் முடிஞ்சிருக்கும்."

இந்தக் கடைசிப் பேச்சுக்கு அம்மா தலையாட்டினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் காயும்போது கதைக்கக்கூடாது என்பது அந்த நாட்களில் எனக்கு உதவியாக இருந்தது.

அவர்களை நான் மதித்ததில்லை. அதனால் அவர்களைத் தாங்கினேன். தாங்க முடியாமல் போனது பள்ளிக்கூடத்தில். என்னைச் சோதனைக்கு அனுப்பிய தலைமை ஆசிரியை, விடைபெறப் போன அன்று என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நான் வாழ்க்கையில் ஒருவரைப் போல வரவேண்டும் என்று நினைத்திருந்தால் அது அவரைப் போலத்தான். அவர் என் தோளில் கைவைத்து, "கேள்விப்பட்டேன். நிறத்துக்காக உன்னைத் தள்ளிவிட்டார்களாமே. அதை நினைத்து அழாதே. ஆண்டவர் தோலைப் பார்ப்பதில்லை. கலியாணம் இல்லாவிட்டாலும் படிப்பு உன்னைக் கைவிடாது" என்றார்.

நான் அழவில்லை, ரீச்சர். என்னை ஒருவரும் தள்ளவில்லை. படிப்பை விடமாட்டேன் என்று நான்தான் அவர்களை அனுப்பினேன். இவ்வளவும் நாக்கின் நுனியில் நின்றது. அதைக் கேட்டு இந்த உலகத்தில் ஒருவர் பெருமைப்படுவாரென்றால் அது அவர்தான். ஆனால் அவர் பெருமைப்பட்டால் மற்ற ஆசிரியைமாரிடமும் சொல்லுவார். ஐயாவைக் காணும்போதும் சொல்லுவார்.

"ஓம் ரீச்சர்" என்றேன். அவர் என் கன்னத்தைத் தடவி, போகும் வழியில் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

கலாசாலைக்குப் போனேன். பேரத்தைக் காத்தேன். விடுதிப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டிலில் இருந்து பவுடரையும் ஸ்னோவையும் மாறி மாறிப் பூசிப் பார்ப்பார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி அங்கேயும் கதையைக் கொண்டுவந்திருந்தாள். "இவளுக்குக் கொஞ்சம் கூடப் பூசுங்கோடி. நிறத்தாலை ஒரு கலியாணம் தவறினது" என்று அவள் இரக்கத்தோடு சொல்ல, அவர்கள் தங்கள் பவுடரை எனக்கு இரட்டிப்பாகப் பூசினார்கள். நானும் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். கேட்டுக் கேட்டு எனக்கே அது நடந்ததுபோல் ஆகிவிட்டது. இரண்டாம் வருடம் கடைத்தெருவில் நின்று, யாரும் சொல்லாமல், நானே ஒரு குப்பி ஸ்னோ வாங்கினேன். அந்தப் பொய் எனக்குச் செய்தவற்றில் என் மனம் ஆறாதது அதுதான்.

பயிற்சி முடிந்துவிட்டது. தராதரப்பத்திரம் கையில் இருக்கிறது. இனி ஐயா விடுதிக்கு வந்து கூட்டிக்கொண்டு போவதற்கு ஒன்றுமில்லை. நான் ஓம் என்று சொன்னது பயிற்சி முடியும்வரைக்கும்தான். ஆகவே கிணற்றடியில் எனக்கு வைத்தியம் சொன்னவர்களுக்கும், எனக்காக இரங்கிய என் ஆசிரியைக்கும் இப்போது சொல்கிறேன். என் நிறத்தை அந்த வீட்டார் குறை சொல்லவில்லை. என்னை அவர்களுக்கு நன்றாகப் பிடித்திருந்தது. வேண்டாம் என்று சொன்னவள் நான்.