பஞ்சரக்கா கூட்டிப் பார்த்த பதினேழு நாள்

பஞ்சர்க் கடைக்காரர் மகள் கன்னியர் மடத்தில் சேரப் போகிறாள் என்றதும் தெருவே வாயைப் பிளந்தது. டயர் கழற்றும் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு லாரிக்காரர்களை மிரட்டுகிறவள், வாயை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் கோயிலில் உட்காருவாளா என்பதுதான் எல்லாருக்கும் சந்தேகம். தெருவில் அவளுக்குப் பெயர் பஞ்சரக்கா. அவளைவிட இருபது வயது மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான்.

கடையில் அப்பா ஒட்டுவார். அவள் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்ப்பாள். கடுகளவு குமிழி வந்தாலும் தூக்கி அப்பா மடியில் போடுவாள்.

"ஒரு குமிழிதானம்மா. வீடு போய்ச் சேர்ந்துடுவான்."

"சேர்ந்துடுவான். நாளைக்குத் தள்ளிக்கிட்டு வருவான். பிரிச்சு ஒட்டுங்கப்பா."

கல்யாணம் என்றால் ஒரே சாயங்காலத்தில் பதில் கேட்கிற உலகம், மடத்தில் மட்டும் வருஷக்கணக்கில் யோசிக்க விடுகிறது. முதல் வருஷம் சும்மா கூட இருந்து பார்க்க வேண்டும். அவளுக்கு மடம் பிடிக்கணும், மடத்துக்கும் அவளைப் பிடிக்கணும். கதவைச் சத்தமில்லாமல் சாத்தப் பழகவே அவளுக்கு ஆறு மாதம் ஆயிற்று. இரண்டாவது வருஷம் செபம், படிப்பு, மலைபோல் பாத்திரம். மூன்றாவதுதான் நவதுறவு, துறவுக்கு முந்தைய பயிற்சி வருஷம். வெள்ளை முக்காடு, பன்னிரண்டு மாதம், அதே வீடு, அதே சுவர். அதைத் தாண்டினால் கடவுளுக்குக் கொடுக்கும் முதல் வார்த்தைப்பாடு: ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல். அதுவும் ஒரு வருஷத்துக்குத்தான். வருஷா வருஷம் புதுப்பித்து, ஆறு வருஷம் போன பிறகுதான் சாகும்வரைக்குமான நித்திய வார்த்தைப்பாடு.

"லாரி லைசென்ஸே சுலபமா கிடைக்கும் போலிருக்கே," என்றார் அப்பா. ஆனால் கடைக்கு வருகிறவர்களிடம் ஒவ்வொரு படியையும் அவரே ஏறியதுபோல் சொல்லுவார்.

நவதுறவில் அவளோடு இன்னும் ஐந்து பேர். சபைத் தலைவியின் கார் ஒருநாள் வாசலில் காற்றிறங்கி நின்றபோது, வெள்ளை உடுப்போடு மண்டியிட்டுப் பத்து நிமிஷத்தில் சக்கரம் மாற்றியவள் அவள். மண்டியிட்டுச் செய்ததால் அதுவும் செபக் கணக்கில் சேருமா என்று கேட்டுத் திட்டும் வாங்கினாள்.

வார்த்தைப்பாட்டுக்கு முன் எட்டு நாள் மௌனத் தியானம். யாரும் யாரோடும் பேசக்கூடாது. இரண்டாம் நாள் செபப் புத்தகத்தைத் திறந்தாள். பக்க அடையாளத்துக்கு வைத்திருந்த தாள் கண்ணில் பட்டது. மஞ்சள்காமாலை வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கொடுத்த சீட்டு. ஐந்து நாள்.

அவள் விரல் மடக்கினாள். ஜாக்கி நழுவி அப்பா கால் முறிந்தபோது வீட்டுக்குப் போனது பன்னிரண்டு நாள். பன்னிரண்டும் ஐந்தும் பதினேழு. நவதுறவு வருஷத்தில் பதினைந்து நாளுக்கு மேல் வெளியே இருந்தால், அந்த நாள்களை மடத்திலேயே இருந்து ஈடுகட்டாமல் வார்த்தைப்பாடு கிடையாது. பதிவேட்டில் பன்னிரண்டுதான் இருந்தது. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம்தான் நவதுறவியர் தலைவி மாறினார். புதியவர் எழுதுவார் என்று பழையவரும், பழையவர் எழுதியிருப்பார் என்று புதியவரும் விட்டுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வார்த்தைப்பாடு. ஐந்து பேரோடு சேர்ந்து, அப்பா பார்க்க, தெரு பார்க்க. சீட்டைத் திரும்பச் செருகிப் பக்கத்தைத் திருப்பினாள். மத்தியானம் தட்டில் பாதிச் சோறு இருக்கும்போதே சீட்டை மறுபடி வெளியே எடுத்தாள்.

எழுந்து புதிய தலைவியின் அறைக்குப் போனாள். எதையும் நிறுத்துவதில் கெட்டிக்காரர் என்பதால் பெண்கள் அவருக்கு வைத்த பெயர் 'பிரேக்'.

"சிஸ்டர், என் வருஷத்துல ஓட்டை இருக்கு."

"மௌனம்."

"மௌனமா இருந்தா ஓட்டை பெருசாயிடும், சிஸ்டர்."

பிரேக் சீட்டைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இது யாருக்குமே தெரியாதே."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே."

சபைத் தலைவியிடம் போனில் பேசிவிட்டு வந்து சொன்னார்: "ஞாயித்துக்கிழமையிலேர்ந்து பதினேழு நாள் கழிச்சு, புதன்கிழமை. தனியா. ஞாயித்துக்கிழமை நீ பாடகர் குழுவுல நில்லு. உங்கப்பாகிட்ட நீயே சொல்லிடு."

அதுதான் பெரிய பாறாங்கல்.

"ரெண்டு வேன் சொல்லிட்டேனேம்மா!" அப்பா போனில் கத்தினார். பின்னால் காற்றடிக்கும் மெஷின் அதைவிடப் பெரிதாகக் கத்தியது. "லாரிக்காரங்க புதுச்சட்டை தைச்சு வச்சிருக்காங்க. ரெண்டு நாள்தானே கூடுதல்? சாமி என்ன காலண்டரைக் கையில வச்சுக்கிட்டா உட்கார்ந்திருக்காரு?"

"சாமி மன்னிச்சிருவாருப்பா. நான் குடுக்குற வார்த்தைப்பாடு நிக்கணும்ல?"

மெஷின் நின்றது. யாரோ அதை அணைத்திருக்க வேண்டும்.

"சரி," என்றார் அப்பா. "பிரிச்சு ஒட்டும்மா."

ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேருக்கும் முக்காட்டில் ஊசி குத்திவிட்டவள் அவள்தான். கண்ணை இறுக மூடிக்கொண்ட ஒருத்தியை, "நீ என்ன ஆபரேஷனுக்கா போற?" என்று காதில் கேட்டுச் சிரிக்க வைத்தாள். பிறகு குழுவில் நின்று எல்லாரைவிடவும் சத்தமாகப் பாடினாள். கொஞ்சம் சுருதி விலகித்தான்.

பதினேழு நாள் கழிந்த புதன்கிழமை சிறிய கோயிலில் கூட்டமில்லை. லாரிக்காரர்கள் லோடோடு சாலையில் இருந்தார்கள். அப்பா மட்டும் நொண்டிக்கொண்டு வந்தார். கடைக் கதவில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிவிட்டு வந்திருந்தார்: 'இன்று விடுமுறை. மகள் வார்த்தைப்பாடு.' விரலிடுக்கில் கிரீஸ் போகவில்லை. அவள் மூன்று வார்த்தைப்பாடுகளையும் எழுத்துப் பிசகாமல் சொல்லி முடிக்கும்வரை அவர் உட்காரவே இல்லை.

வெளியே வந்ததும் பிரேக்கிடம் போய் நின்றார்.

"என்ன சிஸ்டர், அஞ்சு பேரை அப்படியே எடுத்துக்கிட்டீங்க. என் பொண்ணை மட்டும் தொட்டியில அமுக்கிப் பார்த்துட்டீங்களே?"

"நாங்க எங்க அமுக்கினோம்? அவளேதான் குதிச்சா."

அப்பா நொண்டிக் காலையும் ஊன்றி நிமிர்ந்து நின்றார்.

"அதை இன்னொரு தடவை சொல்லுங்க சிஸ்டர். கடையில போய் அப்படியே சொல்லணும்."