நாலாவது கட்டம்

என் மனைவி நர்ஸ். போடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருபது வருடமாக வேலை பார்க்கிறாள். வெளிநாட்டில் வேலைக்குப் போக வேண்டுமானால் ஒரு இங்கிலீஷ் பரீட்சையில் தேற வேண்டும் என்று போன வருடம் புத்தகங்களோடு வந்து நின்றாள். ஒருமுறை எழுதினாள். எல்லாவற்றிலும் தேவையான மார்க் வந்தது, வாசிப்புப் பகுதியில் மட்டும் கொஞ்சம் குறைந்துவிட்டது. திரும்ப எழுத நாள் வாங்கினாள். "இந்தத் தடவையும் வரலைன்னா விட்ருவேன். மூணாந்தடவை எழுத எனக்குத் தெம்பு இல்ல" என்று சொல்லிவிட்டாள்.

நான் பத்தாவது வரை படித்தவன். மலையில் ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் சூப்பர்வைசர். இங்கிலீஷை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், பாதிக்கு மேல் அர்த்தம் தெரியாது. அதனால் அவள் படிப்பில் எனக்கு இரண்டே வேலைகள். கைப்பேசியில் நேரம் வைப்பது ஒன்று. அவள் முடித்ததும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் விடைகளோடு ஒத்துப் பார்த்து டிக்கும் பெருக்கலும் போடுவது இன்னொன்று. இரண்டுக்கும் வாய் திறக்க வேண்டியதில்லை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது.

நான் சிறு வயதிலிருந்தே பேசக் கூச்சப்படுகிறவன். அதனால் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். கல்யாணமான முதல் வருடம், இவளோடு படித்த ஒரு பெண் வளைகுடாவில் வேலைக்குச் சேர்ந்து, இவளுக்கும் இடம் இருப்பதாகக் கடிதம் போட்டிருந்தாள். எனக்குச் சோறு போட்டுக்கொண்டே இவள் அதைச் சொன்னாள். சொல்லிவிட்டு நின்றாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. சாப்பிட்டு முடித்தேன், எழுந்து கை கழுவினேன், வெளியே போய்விட்டேன். யோசித்துச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். யோசித்து முடிப்பதற்குள் அந்த இடத்துக்கு வேறு யாரோ போய்விட்டார்கள். அவள் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. போன வருடம் புத்தகங்களை மேசையில் வைத்தபோதுதான் சொன்னாள்: "அன்னிக்கு நீங்க வேணாம்னு சொல்லியிருந்தாக்கூட சண்டை போட்டிருப்பேன். ஒண்ணுமே சொல்லாம கையக் கழுவுனா யாருகூட சண்டை போட?"

சாயங்காலம் ஆறு மணிக்கு மேசையில் உட்காருவோம். மகள் மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், வீட்டில் நாங்கள் இருவர்தான். வாசிப்புப் பகுதியில் பல மாதிரிக் கேள்விகள் உண்டு. அவளை வதைத்தது ஒரே ஒரு மாதிரிதான். ஒரு பத்தி கொடுத்திருப்பார்கள். அதில் வாக்கியங்களுக்கு இடையிலும் கடைசியிலும் அங்கங்கே நாலு சின்னக் கருப்புக் கட்டங்கள் இருக்கும். கீழே தனியாக ஒரு வாக்கியம் இருக்கும். அந்த வாக்கியம் எந்தக் கட்டத்தில் போய் உட்கார வேண்டும் என்பது கேள்வி.

மற்றக் கேள்விகளை ஒரு நிமிடத்தில் முடித்துவிடுகிறவள், இதில் மூன்று நிமிடம், நாலு நிமிடம் நிற்பாள். பேனாவின் பின்பக்கத்தைக் கடிப்பாள். கடைசியில் ஒன்றைப் போடுவாள், அது தப்பாக இருக்கும். இதில் போன நேரத்தால் கடைசிக் கேள்விகளை அவசரமாகப் போட்டு அதிலும் தப்பு வரும்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை, பழைய மாதிரித் தேர்வுகளை எல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அப்போது கண்ணில் பட்டது. அந்தக் கட்டக் கேள்விகளில் நான் பெருக்கல் போட்ட இடங்களில் எல்லாம் அவள் எழுதியிருந்தது ஒரே எண். நாலு. எண்ணிப் பார்த்தேன். பதினோரு தப்பில் ஒன்பது, நாலாவது கட்டம். தெரியாதவர்கள் குருட்டாம்போக்கில் போட்டால்கூட ஒன்று, இரண்டு என்று மாறி மாறி வரும். இவள் அப்படியில்லை, ஒவ்வொரு முறையும் வாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைசியிலேயே வைத்திருக்கிறாள்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். புதன்கிழமையும் சொல்லவில்லை, வியாழக்கிழமையும் சொல்லவில்லை. பத்தாவது படித்தவன் நர்ஸுக்கு இங்கிலீஷில் என்ன சொல்வது என்ற கூச்சம் ஒரு காரணம். அது மட்டும்தான் காரணம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். நான் சொல்லாவிட்டால் அவள் தேறமாட்டாள். தேறாவிட்டால் போகமாட்டாள். இது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே தினமும் ஆறு மணிக்கு நேரம் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஜீப்பில் போகும்போது தோட்டத்தில் போன வருடம் நடந்த ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் ஜீப்பு ராசிங்காபுரத்தில் கிளம்பி, சிலமலையில் ஆள் ஏற்றி, போடியில் என்னை ஏற்றிக்கொண்டு மெட்டு மலைப்பாதையில் ஏறும். நான் முன்னால் டிரைவர் பக்கத்தில். பின்னால் பெண்கள். அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஜீப்பில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து வருகிறார்களோ, அதே வரிசையில்தான் தோட்டத்துக்குள் நடந்து போவார்கள், அதே வரிசையில்தான் காய் எடுக்க உட்காருவார்கள். பக்கத்துப் பக்கத்து இருவர் ஒரு சாக்கில் காய் போடுவார்கள். இதை யாரும் சட்டமாகச் சொன்னதில்லை. காலையில் வெரசா இடம் பிடித்து சோலியைப் பார்க்க இதுதான் வசதி.

புது ஆள் ஏறினால் எங்கே உட்காருவது என்பதைப் பெண்களே கேட்டு முடிவு செய்வார்கள். "யாரோட வந்தவ? யாருகூட எடுப்ப?" இந்த இரண்டு கேள்விதான். போன வருடம் ஒரு நாள், சிலமலையில் ஏற வேண்டிய ஒரு புதுப் பெண் பஸ்சில் போடிக்கே வந்து, நான் ஏறும் இடத்தில் நின்றாள். ஏற்கெனவே வேலைக்கு வருகிற ஒரு பெண்ணின் நாத்தனார். நேரமாகிவிட்டது. நான் யாரையும் கேட்கவில்லை. அந்த அண்ணிக்காரியின் பக்கத்தைக் கையால் காட்டினேன். சொந்தக்காரி பக்கத்தில் சொந்தக்காரி, இதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். புதுப் பெண் அங்கே நெருக்கி உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் இருந்த வயதான அம்மா கொஞ்சம் நகர்ந்துகொண்டது.

மதியம் மேகம் இறங்கிவிட்டது. ஐந்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. சாப்பாட்டு விசில் ஊதினேன். மழையும் பிடித்துக்கொண்டது. எல்லோரும் ஷெட்டுக்கு வந்து தூக்குச்சட்டியைத் திறந்த பிறகுதான் அந்த வயதான அம்மாவைக் காணவில்லை என்று தெரிந்தது. அந்த அம்மாவுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. எனக்கு அது தெரியும். ஆனால் விசில் ஊதியதும் பக்கத்தில் இருக்கிற ஜோடிக்காரி தோளைத் தட்டிக் கூட்டி வருவாள் என்பதை நான் கவனித்ததே இல்லை. அந்த ஜோடிக்காரிதான் அண்ணிக்காரி. நான் இருவருக்கும் நடுவில் ஆளை உட்கார வைத்துவிட்டேன். அதனால் அந்த அம்மா வரிசையின் கோடியில் தனிச் சாக்கோடு போய்விட்டது.

ஓடிப் போய்ப் பார்த்தோம். தொப்பலாக நனைந்து, செடிக்கு அடியில் உட்கார்ந்து, காய் எடுத்துக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்துச் சிரித்தது. "என்ன அப்பு, இன்னிக்கு விசில் ஊத மறந்துட்டீகளா?"

அண்ணிக்காரி சிரிக்கவில்லை. "ஏண்ணே, எங்கூட ஒருத்திய உக்கார வச்சீக, சரி. எங்கிட்ட இருந்து யாரப் பிரிக்கிறோம்னு பாத்தீகளா?" என்றாள். பின்னால் வந்த இன்னொருத்தி, "அண்ணன் வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டா முத்து உதிந்து போகும்ல, பெறக்க ஆளு வேணும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் முகம் எரிந்தது.

வெள்ளிக்கிழமை இதை நினைத்துக்கொண்டே வளைவுகளில் ஏறினேன். ஒரே நேரத்தில் எனக்கு இரண்டு விஷயங்கள் தோன்றின. ஒன்று, அந்தக் கட்டக் கேள்வியும் ஜீப்பில் ஆள் ஏற்றுவது மாதிரிதான் இருக்க வேண்டும். இன்னொன்று, வாய் திறக்காத ஆளால் அடுத்தவர்தான் நனைகிறார்கள்.

ஆனாலும் வெள்ளிக்கிழமையும் சொல்லவில்லை. சனிக்கிழமையும் போனது.

ஞாயிற்றுக்கிழமை முழுத் தேர்வு ஒன்று எழுதினாள். நான் பெருக்கல் போட்டுத் தாளைத் தள்ளினேன். பார்த்தாள். புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நின்றாள். "இது எனக்கு வராதுங்க. பரீட்சைய வேணாம்னு எழுதிப் போட்றவா?" என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். கேட்டுவிட்டு நிற்கிற அந்த நிற்பு எனக்குத் தெரிந்த நிற்புதான். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் சோற்றுக் கரண்டியோடு அப்படித்தான் நின்றாள்.

"எல்லாத்தையும் நாலாவது கட்டத்துலயே போடுற" என்றேன்.

"என்னாது?"

பழைய தாள்களை எடுத்து வந்து விரித்தேன். ஒவ்வொரு பெருக்கலாகத் தொட்டுக் காட்டினேன். நாலு. நாலு. நாலு. அவள் விரலை வைத்து எண்ணினாள். திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அடக் கடவுளே. கேஸ் ஷீட்டு!"

அவள்தான் விளக்கினாள். நோயாளியின் ஏட்டில் ஒன்றை எழுத விட்டுப்போனால், பிறகு ஞாபகம் வந்தாலும் நடுவில் எழுதக் கூடாது. நடுவில் எழுதினால் திருத்தின மாதிரி ஆகிவிடும். கடைசி வரிக்குக் கீழே, நேரம் போட்டு, விட்டுப்போனது இது என்று எழுத வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு வரியை நடுவில் நுழைத்து எழுதி வார்டே பார்க்கத் திட்டு வாங்கியிருக்கிறாள். "இருபது வருசமா கை அப்படியே போகுது. ஒரு வாக்கியம் வெளிய தனியா நின்னா அத அடியில எழுதுன்னுதான் தோணுது. நடுவுல எடம் இருக்குன்னே எனக்குத் தெரியல."

"எப்ப பாத்தீங்க இத?" என்றாள் பிறகு.

"செவ்வாக்கெழம."

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம."

"ஆமா."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தாள்களைப் பார்த்தேன். "சொல்லணுமா வேண்டாமான்னு இருந்துச்சு" என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. அதற்கு மேல் சொல்ல வேண்டியதும் இல்லை, அவளுக்குப் புரிந்திருந்தது. உள்ளே போய் இரண்டு டம்ளரில் டீ கொண்டு வந்தாள். என் டம்ளரை வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஓசையாக வைத்தாள்.

அப்புறம் ஜீப்புக் கதையைச் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது அன்றைக்குத்தான் இருக்கும்.

ஒரு பத்தியை எடுத்து அவள் தமிழில் சொல்ல, நான் கேட்டேன். பாலைவனத்து எறும்பைப் பற்றியது. அந்த எறும்பு உச்சி வெயிலில் இரை தேடக் கிளம்புகிறது. மற்றப் பூச்சிகள் அந்த நேரத்தில் மண்ணுக்குள் ஒளிந்துகொள்கின்றன. இந்த எறும்புக்குக் கால்கள் நீளம், உடம்பு மணலுக்கு மேலே தூக்கி நிற்கிறது. சில நிமிடங்களில் இரையோடு கூட்டுக்குத் திரும்பிவிடுகிறது. ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னாலும் ஒரு கட்டம். நுழைக்க வேண்டிய வாக்கியம்: அந்த உயரத்தில் காற்றின் சூடு கொஞ்சம் குறைவு.

"கடைசில போடத்தான் கை போகுது" என்றாள்.

"அதுகிட்டயே கேளு. யாரோட வந்தவ?"

"அந்த உயரம்னு சொல்லுது. எந்த உயரம்? கால் நீளம்னு சொன்னவதான் இவளக் கூட்டிட்டு வந்திருக்கணும். அப்ப மூணாவது கட்டம்."

"உக்கார வச்சிட்டு அடுத்தவளையும் பாரு. அவளுக்கு இடைஞ்சலா?"

வாசித்துப் பார்த்தாள். "இல்ல. சரியாத்தான் ஒட்டுது."

அன்றிலிருந்து முறை இதுதான். தனியாக நிற்கிற வாக்கியத்தை முதலில் வாசிப்பாள், அது எதைச் சுட்டிப் பேசுகிறது என்று பார்ப்பாள். பிறகு பத்திக்குள் போய், ஒரே சாக்கில் கை வைத்திருக்கிற இரண்டு வாக்கியங்கள் எங்கே இருக்கின்றன என்று தேடுவாள். முதலாவது கேட்கிற கேள்விக்கு அடுத்தது பதில் சொன்னால், அந்த நடுவில் யாரும் உட்காரக் கூடாது. அந்தக் கட்டத்தைப் பென்சிலால் அடித்துவிடுவாள். பெரும்பாலும் இரண்டு கட்டம் இப்படியே போய்விடும். மிச்சத்தில் உட்கார வைத்து, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று சேர்த்து மூன்றையும் ஒரே மூச்சில் வாசிப்பாள். ஒன்றரை நிமிடத்துக்குள் பிடிபடாவிட்டால் மனசுக்குப் பட்டதைக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவாள், நேரம் மிஞ்சினால் திரும்பி வருவாள். எல்லாம் சரியாக வந்துவிடவில்லை. ஆனால் தப்புகள் வேறு வேறு கட்டத்தில் வர ஆரம்பித்தன. அதைப் பார்த்தே அவளுக்குத் தைரியம் வந்தது.

பரீட்சை மதுரையில். நான் வெளியே ஒரு வேப்பமரத்தடியில் நின்றேன். வெளியே வந்தவள் தண்ணீர் பாட்டிலை வாங்கிப் பாதியைக் குடித்துவிட்டுச் சொன்னாள், "கட்டக் கேள்வி ரெண்டு வந்துச்சு. ஒண்ண ரெண்டாவதுல போட்டேன். இன்னொண்ணு நாலாவதுல."

"நாலாவதுலயா?"

"கேட்டுட்டுத்தான் போட்டேன். மத்த மூணு எடத்துலயும் ஜோடி ஜோடியா உக்காந்திருந்தாளுங்க. இவளுக்கு எடம் கடைசிதான்."

தேவைப்பட்டதற்கு மேல் இரண்டு மார்க் கூடவே வந்தது. அதற்குப் பிறகு காகிதங்கள், கைப்பேசியில் நேர்காணல் என்று நாட்கள் போயின. போன வாரம் வேலைக்கான உத்தரவு வந்தது. எனக்குச் சோறு போட்டுவிட்டு, எதிரே தானும் தட்டோடு உட்கார்ந்துகொண்டு சொன்னாள், "மூணு மாசத்துல சேரணுமாம்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் சாப்பிட்டு முடித்திருந்தேன். எழுந்திருக்கக் கால் பரபரத்தது. எழுந்திருக்கவில்லை.

"போயிட்டு வா" என்றேன். அது போதாது என்று தோன்றியது. "எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். இருந்தாலும் போ. அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

அவள் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தாள். பிறகு, "ரசம் வைக்கத் தெரியுமா உங்களுக்கு?" என்றாள்.

"தெரியாது."

"புளிய எவ்வளவு ஊறப்போடணும்னாவது தெரியுமா?"

அதுவும் தெரியாது. சொல்ல ஆரம்பித்தாள். நான் கேட்டுக்கொண்டும், நடுநடுவே கேள்வி கேட்டுக்கொண்டும் உட்கார்ந்திருந்தேன். எழுந்தபோது கையில் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. தேய்த்துக் கழுவ வேண்டியிருந்தது.