புறப்பட்டவரை எங்கே என்று கேட்டோம்

ஒரு ஊருக்கு பஸ் விடுவதற்கு முன்னால், அந்த ஊர்க்காரர்கள் எங்கே போகிறார்கள் என்று அரசாங்கம் தெரிந்துகொள்ள விரும்பும். நியாயமான ஆசைதான். ஆனால் எங்கள் விழிதியூரில் அதை நேராகக் கேட்டுவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கணக்கில் பட்டம் வாங்கிவிட்டுக் காரைக்காலில் வேலை தேடிக்கொண்டிருந்தேன். போக்குவரத்துத் திட்டமிடலுக்காகப் பாண்டிச்சேரியிலிருந்து ஓர் அதிகாரி வந்திருக்கிறார், கணக்கெடுக்க ஆள் வேண்டுமாம் என்று கேள்விப்பட்டு ஓடினேன். தற்காலிக வேலைதான், ஆனாலும் கிடைத்தது. அதுவரை பஸ் ரூட் என்றால் யாரோ பெரிய மனிதர் கேட்க, யாரோ கையெழுத்துப் போட வருவது என்றுதான் நினைத்திருந்தேன். முதல் நாள் அவர் எங்களை உட்காரவைத்துச் சொன்னது வேறு.

"ரோடு எங்க இருக்குங்கறத அப்புறம் பாக்கலாம்மா. மொதல்ல ஜனங்க. எங்கேருந்து கெளம்புறாங்க, எங்க போறாங்க, எதுக்கு, எந்த நேரத்துல? இது தெரியாம பஸ் விட்டா காலியா ஓடும். காலியா ஓடுற பஸ்ஸ ரொம்ப நாள் விட்டு வைக்க மாட்டாங்க."

காரைக்காலில் இந்த வேலை இன்னும் சிக்கல். எந்தப் பக்கம் பஸ்ஸைத் திருப்பினாலும் கொஞ்ச நேரத்தில் தமிழ்நாடு வந்துவிடும். அதற்குமேல் ஓட்ட அந்தப் பக்கத்தின் அனுமதியும் வேண்டும். முடிவு எடுக்கிற பாண்டிச்சேரியோ, தமிழ்நாட்டையே கடந்து போனால்தான் வரும். இவ்வளவுக்கும் நடுவில் அவர் கையில் இருந்தது புதிதாக விடக்கூடிய ஒரே ஒரு பஸ். அதைக் கேட்டு ஊர் ஊராக ஆட்கள் வந்து நின்றார்கள்.

எனக்கு அந்த பஸ் விழிதியூருக்கு வந்தாக வேண்டும். என் தங்கை எட்டாம் வகுப்பு முடித்திருந்தாள். அதற்கு மேல் படிக்கக் காரைக்கால் டவுனுக்குத்தான் போக வேண்டும். நான் படித்தது டவுனில் கோவில்பத்துப் பக்கம் சித்தி வீட்டில் தங்கி. இப்போது சித்தி பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி அந்த வீட்டில் கால் நீட்ட இடமில்லை. சமையலறை ஓரத்தில் நான் ஒருத்தி ஒட்டிக்கொண்டிருந்ததே பெரிது. அப்பா தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

"போறப்ப வெளிச்சம், வரப்ப இருட்டு. வயக்காட்டு ரோட்டுல வயசுப் புள்ள தனியா நடந்து வரணுமா? படிச்ச வரைக்கும் போதும்."

அவர் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த ரோடு அப்படித்தான் இருந்தது. பள்ளி திறப்பதற்குள் பஸ் வராவிட்டால் அவள் படிப்பு அதோடு சரி.

கணக்கெடுப்பு ஆரம்பமானது. என் ஊர் என்பதால் விழிதியூரை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். காலையில் வாய்க்கால் மதகுப் பக்கம் நின்று, வருகிறவர்களை நிறுத்தி, அச்சடித்து வந்திருந்த முதல் கேள்வியைக் கேட்க வேண்டும்: எங்கே போகிறீர்கள்?

எங்கள் பக்கத்தில் வீட்டை விட்டுக் கிளம்பியவரை "எங்கே" என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும். "தூரமா?" என்று வேண்டுமானால் பட்டும் படாமலும் விசாரிக்கலாம். நேராகக் கேட்கும் உரிமை பஸ் கண்டக்டருக்கு மட்டும்தான் உண்டு. எங்கள் ஊரில்தான் பஸ்ஸே இல்லையே.

முதலில் வந்தவர் எதிர்வீட்டு மாமா. கையில் மஞ்சள் பை, நெற்றி நிறையத் திருநீறு. கேட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"ஏம் புள்ள, காலேசு வரைக்கும் படிச்சவதானே நீ? மகனுக்குப் பொண்ணு பாக்கப் போற மனுசன நிறுத்தி வச்சு எங்கேன்னு கேக்குறியே, வெளங்குமா?"

வந்த வழியே வீட்டுக்குத் திரும்பினார். தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்து, மறுபடி புறப்பட்டு வந்தார். இந்த முறை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சும்மா இங்கனதான்னு எழுதிக்க" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அதே பாட்டுதான். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் சும்மா, விதைநெல் வாங்கப் போகிறவர் சும்மா. ஒரு அக்கா என்னைத் தூரத்தில் பார்த்ததுமே வரப்பில் இறங்கி வயல் வழியாகப் போய்விட்டாள்.

கணக்கெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு அதிகாரி உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க ஊர்ல டவுனுக்குப் போறவங்களே இல்லையேம்மா. எல்லாரும் பக்கத்துலயே சுத்திக்கிட்டிருக்காங்க. திருவேட்டக்குடியில மீன்காரங்க கூடையோட டவுனுக்கு வராங்க, கண்ணுக்கு நேரா தெரியுது. பஸ் அங்கதான் போகணும்."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. வேலை போனாலும் போகட்டும் என்று நினைத்தேன்.

"சார், உங்க வீட்டுல யாராவது கெளம்புறப்ப எங்க போறீங்கன்னு கேட்டா, உங்க அம்மா சும்மா விடுவாங்களா?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "செருப்பாலயே அடிப்பாங்க" என்றார். அவரும் தமிழர்தான், அந்த அலுவலகத்தில் இருந்த எல்லோரும் தமிழர்கள்தான். ஆனாலும் கேள்வி அச்சில் வந்துவிட்டதால் யாருக்கும் அது உறைக்கவில்லை. வீட்டில் வாய் தவறிக்கூடக் கேட்காததை, சர்க்கார் கேட்டால் பரவாயில்லை என்று நினைத்துவிட்டோம்.

"போறவங்களக் கேக்க வேணாம் சார். திரும்பி வரவங்களக் கேப்போம்" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் அதே மதகில் நின்றேன். அவரும் கூடவே வந்து நின்றார். "போயிட்டு வந்துட்டீங்களா?" என்று ஆரம்பித்தால் போதும். அப்புறம் அவர்களை நிறுத்துவதுதான் கஷ்டம். எந்த டாக்டர் என்ன மருந்து எழுதினார், ஜவுளிக்கடையில் எவ்வளவு நேரம் நிற்க வைத்தார்கள், பம்புசெட்டுக்குச் சாமான் கிடைக்காமல் அலைந்தது எல்லாம் வந்தது. நடந்து வந்த கால்வலியும் கூடவே வந்தது. எதிர்வீட்டு மாமா கையைப் பிடித்துக்கொண்டு, பெண் அமைந்துவிட்டது என்றார். அதையும் எழுதப் போனவளை அதிகாரி தடுத்தார்.

விசாரிப்பது காதில் விழுந்து, வீடுகளிலிருந்த பெண்களும் மதகுக்கு வந்துவிட்டார்கள். "பஸ்ஸு வந்தா எம் பொண்ணையும் அனுப்புவேன், எழுதிக்க" என்றாள் ஒருத்தி. "எம் பொண்ணையும்" என்றாள் அடுத்தவள். அதிகாரியின் சிரிப்பு அங்கே நின்றுவிட்டது.

"ரோட்டுல நடக்குறவங்களதான் எண்ணிக்கிட்டிருந்தோம். ரோட்டுக்கு வரவே முடியாதவங்கள எண்ணவே இல்ல பாரு" என்றார்.

அதற்காகத் திருவேட்டக்குடியை விட்டுவிட முடியுமா? அந்தப் பெண்கள் தலையில் கூடையோடு நடப்பதை நானும்தான் பார்த்திருந்தேன். வழி கண்டுபிடித்தது அதிகாரிதான். மீன் விடிகிற நேரத்துக்கு டவுனுக்கு வந்தாக வேண்டும். பள்ளிக்கூடம் அதற்கு வெகுநேரம் கழித்துத்தான் திறக்கும். அதே பஸ் மீன்கூடைகளை இறக்கிவிட்டு விழிதியூருக்கு வரலாம். சாயங்காலம் பள்ளி விட்டதும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடலாம். சொல்லி முடித்ததும் அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கும் தொற்றிக்கொண்டது. அன்றைக்குத்தான் இந்த வேலையை வாழ்நாள் முழுக்கச் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டேன், செய்யவும் செய்தேன்.

எழுதியது பாண்டிச்சேரிக்குப் போனது. பதில் வரும்வரை நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். சம்மதம் என்று பதில் வந்து, பஸ் வரப்போகிறது என்று சொன்னபோது அப்பா, "வரட்டும் பாப்போம்" என்றார். வராது என்று அதற்கு அர்த்தம்.

பள்ளி திறந்த அன்று காலை பஸ் வந்தது. மீன்வாடை இன்னும் போகாத பஸ். என் ஊரில் இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்றே எனக்குத் தெரியாது. சந்து சந்தாக வந்து ஏறினார்கள். கடைசி வரை நம்பாமல் மதகடியில் நின்ற அப்பா, பஸ்ஸைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தங்கையின் பையைத் தானே வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தார். அவளை எப்படியோ படியேற்றிவிட்டார். அவளுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. ஒரு பையன் மேலும் ஒரு சாக்கு மூட்டை மேலும் இடித்துக்கொண்டு, கம்பியைப் பிடித்து நின்றபடி என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குக் கண் நிறைந்து ஒன்றும் தெரியவில்லை.

அப்போது பஸ்ஸின் தகரத்தில் படபடவென்று தட்டுகிற சத்தம். அப்பாதான், கண்டக்டரிடம் சண்டைக்கு நின்றார்.

"என்னங்க இது, படிக்கப் போற புள்ள நின்னுக்கிட்டா போவுது? ஒரு பஸ்ஸு எப்புடிங்க பத்தும் எங்க ஊருக்கு? இன்னொண்ணு விடச் சொல்லுங்க!"